போர்க்களம் காட்டும் வேலை

காரைக்குடிக்கு வருகிறவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். கானாடுகாத்தானில் இரண்டு பங்களா, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறை, மதியம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் பிள்ளையார்பட்டி. எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருக்கும் பயணத் திட்டம் இவ்வளவுதான். வழிகாட்டியாகச் சேர்ந்த புதிதில் நானும் பர்மாத் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் முட்டைக் கலவை பூசிய சுவரையும் காட்டியே பிழைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து வியந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சிறுவயலைத் தாண்டும்போது மட்டும் எனக்கு உறுத்தும். காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற வழியில் இருக்கிற ஊர். இந்த வட்டாரத்தில் நடந்த மிகப் பெரிய சண்டையின் தொடக்கம் அங்கேதான். வண்டியில் இருப்பவர்களோ சாப்பாட்டு மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சிறுவயல், காளையார்கோயில், திருப்பத்தூர் என்று, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற மருதிருவரின் கடைசி மாதங்களைத் தொட்டுக்கொண்டு ஒரு நாள் பயணம் வைக்கலாமே என்று முதலாளியிடம் கேட்டேன். "அங்கே பார்க்க என்னம்மா இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. கோட்டை இல்லை, பீரங்கி இல்லை. கண்மாய், பனை, சீமைக்கருவேலம், நடுவே தார்ச்சாலை. பிறகு அவரே, முன்னாள் படைவீரர் சங்கத்தார் யாராவது கேட்டால் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார். கேட்டார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து தை, மாசி மாதங்களில் வரத் தொடங்கினார்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார், ஹவில்தார், நாயக் என்று பலர் இருப்பார்கள். சிலர் மனைவியோடு வருவார்கள். ஆறு மணிக்குப் புறப்பாடு என்றால் ஐந்தே முக்காலுக்கு அத்தனை பேரும் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள்; ஓட்டுநர் அண்ணன்தான் ஓடி வருவார். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது சற்று மந்தம், அதனால் அவர்களை முன் வரிசையில் உட்கார வைக்கக் கற்றுக்கொண்டேன்.

நான் சொல்லும் கதை இது. பாஞ்சாலங்குறிச்சி 1801 மே 24-இல் விழுந்ததும் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை அடைக்கலம் தேடி வந்தது மருது சகோதரர்களிடம். ஜூன் 16-இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் கம்பெனிக்கு எதிராகச் சேர வேண்டும் என்றது அந்த அறிக்கை. ஜூலை இறுதியில் கம்பெனித் தளபதி கர்னல் அக்னியூவின் படை சிறுவயலை நெருங்கியபோது, எதிரிக்கு ஒண்டக் கூரை கிடைக்கக் கூடாது என்று மருது தரப்பே சொந்த ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் விலகியது. அங்கிருந்து காளையார்கோயில் வரை அடர்ந்த முட்காடு. அதை வெட்டிப் பாதை போட ஆகஸ்ட் முழுவதும் முயன்றுவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் கம்பெனி அந்த முயற்சியைக் கைவிட்டது. பிறகு அரசுரிமை கோரிவந்த படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு ஜமீன்தாராக அறிவித்து மக்களைப் பிரித்தது. அக்டோபர் 1-இல் மூன்று பிரிவுகளாக நுழைந்து காளையார்கோயிலைப் பிடித்தது. அக்டோபர் 24-இல் மருதிருவரையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் இந்த இடத்தில் கை தட்டுவார்கள். ஆசிரியர்கள் ஆண்டுகளைக் குறித்துக்கொள்வார்கள். படையில் இருந்தவர்கள் இரண்டும் செய்வதில்லை. மரியாதையாகக் கேட்டுவிட்டு, வண்டியை விட்டு இறங்கி, காலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். "மாட்டுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது?" இதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. என் குறிப்பேட்டில் அதற்குப் பதில் இல்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதை, பாலம் போடும் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்தவர். 1971 போரில் மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றுப் பக்கம், டாங்குகள் போவதற்காகக் கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை போட்ட வேலையில் இருந்தாராம். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. சிறுவயலுக்கு வெளியே சாலையோரம் நின்று கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மரம்தானா அன்றைக்கும் என்றார். இல்லை ஐயா, சீமைக்கருவேலம் பின்னால் வந்தது. அன்று காரை, சூரை, இலந்தை, கள்ளி என்று நாட்டு முள் வகைகள் இருந்திருக்கும் என்றேன். "அப்படியென்றால் இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே பத்தடி நடந்து, ஒரு கிளையைப் பிடித்து வளைத்துக் காட்டினார்.

"ஏம்மா, வெட்டிய முள்ளை எங்கே போட்டார்கள்?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மரத்தை வெட்டுவது பெரிய வேலை இல்லை, வெட்டியதை அப்புறப்படுத்துவதுதான் வேலை. பாதையின் இரண்டு பக்கமும் குவித்தால் அந்தக் குவியலே எதிரிக்கு மறைவிடம் ஆகிவிடும். பின்னால் இழுத்துக்கொண்டு போனால் வெட்டுகிற ஆள் பாதி, இழுக்கிற ஆள் பாதி. இவர்களுக்குக் காவலாகத் துப்பாக்கியோடு நிற்கிறவன் வேறு. அந்தத் துப்பாக்கியும் திறந்த வெளியில்தான் நூறு கெஜத்துக்குள் உருப்படியாகச் சுடும். முட்புதருக்குள் பத்தடிக்கு அப்பால் ஆளே தெரியாது. வேல் கம்பும், வளரி என்கிற வளைந்த எறிகருவியும் வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பத்தடி போதும். பகலில் வெட்டிய பாதையில் இரவில் குறுக்கே மண்ணைக் கொட்டி முள்ளை அடைத்தால், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. "ஒரு மாதம் தாங்கியதே பெரிது" என்றார். அது கம்பெனிக்காரர்களைப் பற்றிச் சொன்னது. எனக்குச் சற்றுத் திகைப்பாக இருந்தது. அந்த ஒரு மாதத்தை மருதுவின் வெற்றியாக மட்டுமே நான் அதுவரை சொல்லிவந்திருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். ஆகஸ்டில் கண்மாய்கள் வற்றிக் கிடக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கண்மாய் நிரம்பும், மண் சேறாகும், பீரங்கி வண்டி அசையாது. ஆகவே அக்டோபர் 1 என்பது பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள் மாதிரிதான். அதற்கு மேல் தள்ளினால் ஒரு பருவமே போய்விடும் என்று தளபதிக்குத் தெரிந்திருக்கும். இது அவருடைய ஊகம். ஆனால் பாதை போட்டே வாழ்ந்தவரின் ஊகம் என்பதால் அதை அவர் பெயரிலேயே இப்போது வண்டியில் சொல்லிவருகிறேன், "ஒரு சாப்பர் ஐயா சொன்னது" என்று.

அன்று கல்லலில் டீ குடிக்கும்போது அவர் முகம் வாடியிருந்தது. கேட்டேன். மெட்ராஸ் சாப்பர்ஸின் பிறந்த நாள் செப்டம்பர் 30. 1780-இல் கம்பெனி திரட்டிய மெட்ராஸ் பயனியர்ஸ் படையிலிருந்துதான் அவர்களுடைய வரலாறு தொடங்குகிறது. பெங்களூரில் ஒவ்வோர் ஆண்டும் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தக் காலத்தில் காடு வெட்டுவது, பாதை போடுவது எல்லாம் பயனியர் வேலை. "அப்படிப் பார்த்தால் அந்தப் பக்கம் கோடாலி பிடித்தவன் எங்கள் ஆள்தானே அம்மா" என்றார்.

பக்கத்தில் இருந்த சுபேதாருக்குக் கோபம் வந்துவிட்டது. கூலிக்குப் போனவனையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது, மருதுவோடு நின்றவன்தான் வீரன் என்றார். வண்டி இரண்டாகப் பிரிந்தது. நாமும் சம்பளம் வாங்கித்தானே போனோம் என்றார் ஒருவர். நம் சம்பளம் நம் நாட்டுக்காக என்றார் இன்னொருவர். ஒரு வீட்டம்மா மட்டும், போனவன் வீட்டில் யாரோ ஒருத்தி வழி பார்த்திருப்பாளே என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நடுவர் வேலை பார்க்கவில்லை. அது என் வேலையும் இல்லை. ஆனால் கம்பெனிப் படை என்றால் சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, அதில் பெரும்பகுதி நம் சிப்பாய்கள் என்பதை அன்றிலிருந்து ஒளிக்காமல் சொல்கிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை.

வெள்ளைக்காரர்களுக்குள்ளும் ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒருவர் இருந்தார். வேல் எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். கற்றுக்கொடுத்தவரைத் துரத்திப் பிடிக்கிற படையில் அவரும் இருந்தார். இதைச் சொல்லும்போது முன்னாள் வீரர்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

நாகாலாந்தில் பணியாற்றிய ஒருவர் கோகிமா கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அதே வண்டியில்தான். 1944-இல் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய குன்று அது. இரு தரப்புக்கும் நடுவே கிடந்த டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை இன்றும் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். 1,420 கல்லறைகள், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச்சின்னம். பெயர் பெயராக எழுதியிருக்கிறது, புல்லைக்கூட ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். இங்கே காட்டில் விழுந்தவர்களின் பெயர்கள் எங்கே என்றார். காளையார்கோயிலில் மருதிருவரின் நினைவிடம் இருக்கிறது. காட்டுக்குள் வேலும் வளரியும் பிடித்தவர்களுக்கும் கோடாலி பிடித்தவர்களுக்கும் அப்படிக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. வண்டி கல்லலைத் தாண்டியதும் ஜன்னலைக் காட்டி, இங்கிருந்து அந்தப் பக்கம் முழுவதும்தான் என்று சொல்வேன்.

காளையார்கோயிலில் ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும். கருமலையில் கல்லெடுத்து, மதுரைக் கோபுரம் தெரியக் கட்டிய மருது என்று ஊரில் பாடுவார்கள். கோபுரத்தை இடித்துவிடுவோம் என்று மிரட்டியதால்தான் மருது பிடி கொடுத்தார் என்றும் சொல்வார்கள். பக்தியோடு வருகிறவர்கள் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள். பீரங்கிப் படைக்காரர் ஒருவரோ அண்ணாந்து பார்த்துவிட்டு, "மதுரை தெரிகிற உயரம் என்றால் எதிரி வருவதும் தெரியுமே, இது முதல்தரமான ஓ.பி." என்றார். குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல உயரமான இடத்தில் ஆள் உட்கார வைப்பார்களாம், அதுதான் ஓ.பி. அர்ச்சனைத் தட்டோடு நின்ற அவருடைய மனைவி, கோயிலிலாவது பீரங்கியை விடுங்களேன் என்றார். 1772 ஜூனில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது உச்சிக்கால மணி அடித்துவிட்டது.

திருப்பத்தூரில் அதிக நேரம் இருப்பதில்லை. தூக்கிலிட்ட நினைவிடம், மாலை, இரண்டு நிமிட மௌனம். அதன்பின் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தியதைச் சொல்வேன். அரை நூற்றாண்டு கழித்து அதே பினாங்கில் நகரத்தார் கோயில் கட்டியது என் பங்களாச் சுற்றுலாவில் வரும் கதை. இரண்டையும் ஒரே நாளில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

இந்த வேலையில் எனக்கு வந்த எரிச்சல் ஒன்று உண்டு. ஒரு குழுவை, அவர்கள் வேண்டுகோளின்படி, வழியில் ஓர் ஊரில் நடந்த பாராட்டு விழாவுக்கு அழைத்துப்போனேன். பத்து மணி விழா பன்னிரண்டுக்குத் தொடங்கியது. தகரப் பந்தலின் கீழே, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, அத்தனை பேரும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். கடைசியில் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு போட்டோ. நீங்கள் எந்தப் பிரிவு, என்ன வேலை பார்த்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று ஒரே ஓர் ஆள் கேட்கவில்லை. திரும்பும்போது பொன்னாடைகளை மடித்து வண்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். அதில் ஒன்று மறுநாளும் அங்கேயே கிடந்தது. போன் செய்தேன். இருக்கட்டும்மா, வீட்டில் நிறைய இருக்கிறது, ஓட்டுநர் தம்பியிடம் கொடுத்துவிடு என்றார்.

அதே மனிதர்தான் சிறுவயல் காட்டோரம், சிக்னல் பிரிவில் இருந்தவன் கண்ணால் பார்த்தால் இங்கே செய்தி எப்படிப் போயிருக்கும் என்று பேசத் தொடங்கி, வெயில் ஏறுவது தெரியாமல் நின்றார். பறையொலி, பனை உச்சி, கொம்பு ஊதல், இரவில் தீ என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். அவருடைய மகன், அப்பா வீட்டில் இதெல்லாம் பேசியதே இல்லையே என்று பின்னால் நின்று போனில் பதிவு செய்துகொண்டிருந்தான்.

வர நினைப்பவர்களுக்கு: அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அரசு விழா, 27-இல் காளையார்கோயிலில் குருபூஜை. கூட்டமும் போலீஸ் கெடுபிடியும் இருக்கும், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். அந்த வாரத்தில் நாங்கள் பயணம் வைப்பதில்லை. தையும் மாசியும் தோது. சிறுவயலுக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். முழுக்கால் சட்டையும் ஷூவும் அவசியம், முள் செருப்பைத் துளைத்துவிடும். சங்கங்களிடம் நான் கேட்கும் பெயர்ப் பட்டியலில் வயது, மருந்து விவரத்தோடு "படையில் என்ன வேலை" என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். டிராவல்ஸுக்கு இது எதற்கு என்று முதலாளி கேட்டார். அடுத்து வரும் குழுவில் இருவர் ஓட்டுநர்கள், ஒருவர் செவிலியர், ஒருவர் சமையல்காரர். ஒரு மாதம் முட்காட்டில் கிடந்த படைக்கு அரிசியும் விறகும் எப்படிப் போயிருக்கும் என்று சமையல்கார ஐயாவிடம் கேட்பதற்குக் குறித்து வைத்திருக்கிறேன்.