லைன் வோல்டேஜ் பிடிபட்டால் மூன்று ஃபேஸ் பயம் போய்விடும்

எலக்ட்ரீஷியன் தேர்வுக்குப் படிக்கிற பலர், மூன்று ஃபேஸ் பாடம் வந்ததும் இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்ப்பது) லைன் வோல்டேஜ் ஃபேஸ் வோல்டேஜைப் போல 1.732 மடங்கு, டெல்டாவில் (மூன்றையும் முக்கோணமாக இணைப்பது) இரண்டும் சமம். எழுத்துத் தேர்வுக்கு இது போதும். வாய்மொழித் தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே வாய் அடைத்துப்போகும். வேலையில் இறங்கினால் இந்த அரைகுறை அறிவு ஆபத்து.

எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது ஒரு சின்னப் பழக்கத்தால்தான். கணக்கில் எங்கே வோல்டேஜ் வந்தாலும், பக்கத்தில் 'எதற்கும் எதற்கும் இடையே?' என்று பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மேலே போவேன். ஒரு கம்பிக்கு மட்டும் தனியாக வோல்டேஜ் கிடையாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருந்தால் ஃபேஸ் வோல்டேஜ். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே இருந்தால் லைன் வோல்டேஜ். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் என்று சொல்கிறோமே, அது ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே உள்ள அளவு. அதே லைனில் ஒரு ஃபேஸுக்கும் தரைக்கும் இடையே ஏறக்குறைய 6.35 கேவிதான்.

சரி, 230-ம் 230-ம் சேர்ந்தால் 460 வரவேண்டாமா, 400 எப்படி வருகிறது? எல்லோருக்கும் வருகிற சந்தேகம். இதற்குச் சூத்திரம் பார்க்காதீர்கள், வரைந்து பாருங்கள். 50 வோல்டுக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, ஒரே புள்ளியிலிருந்து 4.6 செ.மீ. நீளத்தில் இரண்டு கோடுகள். நடுவில் 120 டிகிரி, பாகைமானியை வைத்துச் சரியாகப் போடுங்கள். இப்போது ஒரு கோட்டின் முனையிலிருந்து இன்னொன்றின் முனை வரை ஸ்கேல் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட 8 செ.மீ. இருக்கும். அதாவது 400 வோல்ட். இரண்டு ஃபேஸ்களும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, அதனால்தான் முழுசாகக் கூடுவதில்லை. கையால் வரைந்தவருக்கு 1.732 மறக்கவே மறக்காது. 120 வோல்ட் உள்ள நாடுகளில் 208 ஏன் வருகிறது என்பதையும் இதே படத்திலிருந்து சொல்லிவிடலாம்.

அடுத்து, மோட்டார் நேம் பிளேட். இதில் நேரம் செலவழியுங்கள், வாய்மொழித் தேர்வில் மிகவும் பிடித்தமான கேள்வி இது. '230/400, டெல்டா/ஸ்டார்' என்று இருந்தால், ஒரு வைண்டிங் (மோட்டாரின் கம்பிச்சுருள்) தாங்குவது 230 வோல்ட். 400 வோல்ட் சப்ளையில் அதை ஸ்டாரில்தான் இணைக்க வேண்டும். டெல்டாவில் போட்டால் ஒவ்வொரு வைண்டிங்கும் 400 வாங்கும், சீக்கிரமே எரிந்துவிடும். '400/690' என்று இருந்தால் அதே சப்ளையில் டெல்டா. மோட்டாரை ஸ்டாரில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுகிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இந்த வகை மோட்டாருக்குத்தான் பொருந்தும். ஸ்டாரில் புறப்படும்போது வைண்டிங்குக்குக் கிடைப்பது 58 சதவீத வோல்டேஜ், லைனில் இழுக்கிற கரண்ட் மூன்றில் ஒரு பங்கு. முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பதைப் பலர் சொல்ல விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பாரத்தோடு கிளம்ப வேண்டிய மோட்டாருக்கு இது ஒத்துவராது.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்காகப் போட்டுப் பழகுங்கள். ஒரு ஃபேஸில் 2000 வாட் ஹீட்டர், இன்னொன்றில் 200 வாட் விளக்கு, மூன்றாவது ஃபேஸில் லோடே இல்லை. நியூட்ரல் போனதும் இந்த இரண்டும் 400 வோல்டுக்குக் குறுக்கே சீரியஸில் வந்துவிடும். மின்தடைகளின் விகிதப்படி ஹீட்டருக்கு 36 வோல்ட், விளக்குக்கு 364. சின்ன லோடுதான் முதலில் அடிபடுகிறது. வீட்டில் சில விளக்குகள் மங்கி, சில பளிச்சென்று எரிந்தால் அனுபவமுள்ள ஆள் உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலைத் தேடுவதும் இதனால்தான்.

இனி புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று. பேனலில் இரண்டு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் பூஜ்ஜியம் காட்டினால், சப்ளை இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு முனைகளும் ஒரே ஃபேஸில் இருந்தாலும் பூஜ்ஜியம்தான் காட்டும், ஆனால் எர்த்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவருக்கு இரண்டுமே 230. 'எதற்கும் எதற்கும் இடையே?' என்ற அதே கேள்வி இங்கே உயிர் காக்கிறது. நியான் டெஸ்டரும் ஃபேஸ் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், எந்த ஃபேஸ் என்று சொல்லாது. அது எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்கவே கூடாது.

டிஜிட்டல் மீட்டரில் இன்னொரு குழப்பம் வரும். ஆஃப் செய்த கம்பி, பக்கத்தில் உயிருள்ள கம்பியோடு நீளமாக ஓடினால், அதில் பத்துக்கணக்கான வோல்ட் காட்டும். லோடு கொடுத்தால் விழுந்துவிடும். ஆனால் விழுகிறதா என்று சோதித்துப் பார்க்காமல், அது பக்கத்துக் கம்பியால் வந்த பொய் வோல்டேஜ்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செய்முறைத் தேர்வில் தேர்வாளர் கவனிப்பது இந்த வரிசையைத்தான்: சப்ளையைத் துண்டித்துப் பூட்டு போடுவது, சப்ளை உள்ள இடத்தில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் அளப்பது, மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில் மீட்டரைச் சரிபார்ப்பது. அளப்பது என்றால் ஒரே ஒரு அளவு அல்ல. மூன்று ஃபேஸ்களுக்கு இடையே மூன்று, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, எர்த்துக்கு மூன்று, கடைசியாக நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. மொத்தம் 10. இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பழகுங்கள். தேர்வு நாளில் பதற்றம் இருந்தாலும் கை தானாக அந்த வரிசையில் போகும்.