பினாங்கில் கடற்புல் எண்ணப் போகிறவர்களுக்கு

பாயார் தீவுக்குப் படகேறிப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு நாள் பவளப்பாறை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் கடல் மேல் ஆசை வந்துவிடும். பினாங்குக் கரையில் கால் வைத்ததும் அந்த ஆசை போய்விடுகிறது. இங்கே தண்ணீர் கலங்கல். முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரியாத ஒன்றுக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகமோ கோயில் இளைஞர் குழுவோ கடலைப் பார்க்கக் கிளம்பினால், முதலில் போக வேண்டிய இடம் சேற்றுத் திட்டு என்பேன். பவளப்பாறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெலுத்தோங் பக்கம், 1985இல் திறந்த முதல் பாலத்தை ஒட்டிக் கிடக்கிறது மிடல் பேங்க் என்ற சேற்றுத் திட்டு. தினமும் பாலத்தில் போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்திலேயே ஒரு புல்வெளி இருப்பது தெரியாது. கடற்புல் பாசி இல்லை. வேர், இலை, பூ, விதை எல்லாம் உள்ள செடி. வெயில் பட்டால்தான் பிழைக்கும். தூர்வாரும்போதும் கடலை மேடாக்கும்போதும் கிளம்பும் வண்டல், தண்ணீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைக்கிறது. மிச்சம் இலை மேல் படிகிறது. புல் போனால் அதில் ஒதுங்கும் நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் இடமில்லை.

நாள் குறிப்பதற்குச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி வேலையை முடித்துவிடும். அமாவாசை, பௌர்ணமி கழித்து ஓரிரு நாளில்தான் கடல் அதிகமாக வற்றும். மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் கரையில் நிற்கிற கூட்டம் பார்ப்பதும் பௌர்ணமிக் கடலைத்தான். மணி தெரிய, மலேசிய நில அளவைத் துறையான ஜூப்பேம் வெளியிடும் பினாங்குக் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். 0.5 மீட்டருக்குக் கீழே, பகலில் விழும் வற்றாகத் தேர்ந்தெடுங்கள். கடல் ஒரே வேகத்தில் ஏறாது. ஏற்றம் ஆறு மணி நேரம் என்றால் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு ஏறும். முதல் மணியின் மெதுவைப் பார்த்து ஏமாந்து நிற்கிறவர்கள்தான் இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பி வருவார்கள். கடைசி வற்றுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வேலையைத் தொடங்கி, வற்று முடிந்து அரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். படகை ஆழமான ஓடையில் நிறுத்தச் சொல்லுங்கள். திட்டில் தட்டி உட்கார்ந்தால் தண்ணீர் ஏறும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். மீன்வளத் துறையிடமும் அங்கே வலை போடும் மீனவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். படகோட்டியும் அவர்களில் ஒருவராக இருந்தால் ரொம்ப நல்லது.

எண்ணுவதற்குத் தரையில் வைக்க ஒரு சதுரச் சட்டம் வேண்டும். 20 மில்லிமீட்டர் பிவிசி குழாய் நான்கு துண்டு, நான்கு முனை இணைப்பு, உள்ளளவு 50 சென்டிமீட்டர். இணைப்பு கொஞ்சம் நீளத்தைத் தின்றுவிடும், ஆகவே பொருத்திப் பார்த்துவிட்டு அறுங்கள். குழாயில் ஆங்காங்கே துளை போட மறந்தால் உள்ளே காற்று நின்று சட்டம் மிதந்து ஓடிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நூல் என இரண்டு பக்கமும் கட்டினால் 25 கட்டம் வரும், ஒரு கட்டம் முழுக்கப் புல் மூடியிருந்தால் 4 சதவீதம். அளவு நாடா 50 மீட்டர், ஃபைபரில் வாங்குங்கள்; இரும்பு நாடா உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். எழுதப் பென்சில்தான் சரி.

உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் பின்பற்றும் சீகிராஸ் வாட்ச் முறைப்படி 50 மீட்டர் கோடு மூன்று, 25 மீட்டர் இடைவெளியில். ஒவ்வொரு கோட்டிலும் சுழியத்தில் தொடங்கி ஐந்து மீட்டருக்கு ஒரு முறை சட்டத்தை வையுங்கள், அது ஒரு சதுரம். கோட்டுக்கு 11, மொத்தம் 33. முதலில் படம், பிறகுதான் கை வைக்க வேண்டும். கேமராவை நேர்மேலே பிடித்து, குடையால் நிழல் கொடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் பளபளப்பு மட்டும்தான் படத்தில் விழும்.

அப்புறம் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் நகத்தளவு முட்டை வடிவ இலைகள் இரண்டிரண்டாக நிற்பது ஹாலோஃபிலா ஓவாலிஸ். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் பிரிவது வெயிலில் பிடித்தால் தெரியும். நாடாப் போல நீண்டு, அடித்தண்டில் கறுப்பு முடி சிலிர்த்து நிற்பது என்ஹாலஸ். புதியவர்கள் எல்லாரும் சதவீதத்தைக் கூட்டித்தான் சொல்வார்கள், சாய்ந்து கிடக்கும் இலை நிறைய இடம் பிடித்துத் தெரியும். இருவர் தனித்தனியே எழுதி, வித்தியாசம் 10க்கு மேல் போனால் மறுபடி பாருங்கள். இந்தச் சண்டைதான் பயணத்தின் உயிர். இருபதா முப்பதா என்று ஒரு சதுரத்தின் மேல் ஐந்து நிமிடம் வாதாடிய பிள்ளைக்கு, மூன்று மாதம் கழித்து அதே திட்டு பத்துக்கு இறங்கியிருந்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. படகுச் சவாரி இதைச் செய்யாது. இடத்தை அடையாளம் வைக்கக் குச்சி நடாதீர்கள், வலையைக் கிழிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்தால் போதும். கைப்பேசி சில மீட்டர் தப்பும், அதனால்தான் ஒரு சதுரத்தை நம்பாமல் 33இன் சராசரியைப் பார்க்கிறோம்.

காலுக்குச் சிலிப்பர் வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். கயிறு கட்டிய பழைய பள்ளிக் காலணி போதும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு ஃபிளாஸ்க் எப்போதும் படகில் இருக்கட்டும். பினாங்குத் தண்ணீரில் பெட்டி ஜெல்லி மீனும் உண்டு. பட்ட இடத்தில் வினிகரை அரை நிமிடமாவது ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் மிச்சமிருக்கும் கொட்டும் செல்களையும் வெடிக்க வைக்கும். இடிச் சத்தம் கேட்டால் எண்ணிக்கை பாதியில் நின்றாலும் பரவாயில்லை, படகேறுங்கள்.

கணக்கை என்ன செய்வது? பெரிய கடல் மேடாக்கும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிற காலம் ஒன்று உண்டு. அப்போது யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். ‘கடலைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் படித்து ஓரமாக வைத்துவிடுவார்கள். தேதி, ஜிபிஎஸ் எண், சதுர எண், சதவீதம், படம் ஐந்தும் சேர்ந்த ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்லாமல் தட்டிக் கழிப்பது கடினம். படங்களைக் குழுவிலிருந்து வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், படத்துக்குள் இருக்கும் தேதியும் இடக்குறிப்பும் அழிந்துவிடும். கைப்பேசியிலிருந்து நேராகக் கணினிக்கு ஏற்றி, அன்றைக்கே பெயர் போட்டு வையுங்கள்.