எழுந்து நின்ற பத்து நிமிடம்

படுத்திருந்தால் எனக்கு ஒரு வியாதியும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒன்பது மாதம் ஆனது.

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. இருப்பதிலேயே எனக்குத்தான் லேசு. நான்கு நாள் காய்ச்சல், பத்து நாள் வாசனை தெரியவில்லை, ஆக்சிஜன் 96-க்குக் கீழே இறங்கவே இல்லை. அப்புறம் அசதி இருந்தது. யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டேன். கணக்கு டீச்சர் நான். அப்போது ஆன்லைன் வகுப்பு என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் ஓடியது.

செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி திறந்தது. இரண்டாவது பீரியட். இருபடிச் சமன்பாடு பாதி எழுதியிருப்பேன். மாடிப்படி ஓடி ஏறியது போல நெஞ்சு அடித்தது, காது அடைத்தது, பலகையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே வந்தன. மேசையைப் பிடித்து உட்கார்ந்தேன். இரண்டே நிமிடத்தில் எல்லாம் சரி. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

மாமியார் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், "ரத்தம் சுண்டிப்போச்சு." ஆட்டுக்கால் சூப்பும் பேரீச்சம்பழமும் ஒரு மாதம் நடந்தன. அதற்குப் பிறகுதான் டாக்டர்கள். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின், சுகர், டி-டைமர் எல்லாம் எடுத்தார்கள். டிரெட்மில்லில்கூட நடக்கவைத்தார்கள், அதில் இதயம் வேகமாகத்தான் அடிக்கும், அதனால் அதுவும் நார்மல். இதயத்துடிப்பைப் பதிவுசெய்ய இருபத்து நாலு மணி நேரம் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவியை, லீவு போட மனமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை வாங்கி மாட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பாதி நாள் சோபாவில் படுத்திருந்தேன். அந்த ரிப்போர்ட் எப்படி வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

"எல்லாம் நார்மல்மா. மனசைக் கொஞ்சம் ரிலாக்ஸா வச்சுக்குங்க" என்று ஒருவர் தூக்க மாத்திரை எழுதினார். அந்தச் சோதனைகள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் இதே படபடப்பு வரும். அவை இல்லை என்று தெரிந்தாக வேண்டும். என் ஆற்றாமை வேறு. நான் போய்ச் சொன்னது, நின்றால் வருகிறது என்று. அவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள்.

2022 பிப்ரவரியில் திருச்சியில் ஒரு பொது மருத்துவரிடம் போனேன். சின்ன வயது. ஃபைலைத் திறக்கும் முன்பே, "எப்பல்லாம் வருது டீச்சர்?" என்று கேட்டார். வெந்நீரில் குளித்தால்? ரேஷன் கடை வரிசையில்? சாப்பிட்டு எழுந்ததும்? எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பத்து நிமிடம் படுக்கவைத்து நாடியும் பிரஷரும் எடுத்தார்: 74, 112/72. பிறகு சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் குதிகாலை வைத்து, தோளை மட்டும் சுவரில் சாய்த்து, அசையாமல், பேசாமல் நிற்கச் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தார்கள். முதல் நிமிடம் 101. ஐந்தாவது நிமிடம் 116. எட்டாவதில் வியர்த்து ஊற்றியது; நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தாவதில் 121. பிரஷர் மட்டும் 110/76, இறங்கவே இல்லை. "கீழ பாருங்க" என்றார். இரண்டு பாதமும் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தன.

எந்திரம் என்று பார்த்தால் ஒரு பிரஷர் மிஷினும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும்தான். இரண்டும் எங்கள் வீட்டு அலமாரியில் மே மாதத்திலிருந்தே கிடந்தன. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் தனியாகச் செய்யாதீர்கள். நான் பிற்பாடு ஒரு முறை செய்து, கணவர் பிடிக்கவில்லை என்றால் விழுந்திருப்பேன்.)

பிரஷர் விழாமல், நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30 அல்லது அதற்கு மேல் ஏறி, மூன்று மாதமாகத் தொந்தரவும் இருந்தால் அதற்கு 'பாட்ஸ்' (POTS) என்று பெயர். எனக்கு 47 ஏறியிருந்தது. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குமாம். அந்த நொடியே நரம்புகள் கட்டளையிட்டு ரத்த நாளங்கள் இறுகி அதை மேலே தள்ள வேண்டும். எனக்கு அந்த இறுக்கம் போதவில்லை. ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வராததற்கு இத்தனை நாள் மோட்டாரைக் கழற்றிக் கழற்றிப் பார்த்திருக்கிறோம்.

ரத்த நாளத்தின் உள்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனில் ஓர் உறை இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். நாளம் விரிவதற்கான நைட்ரிக் ஆக்சைடை அதுதான் சுரக்கிறது. கொரோனா நோயாளிகளின் இந்த உறையில் அழற்சி இருப்பதை சூரிச் மருத்துவர்கள் 2020 ஏப்ரலிலேயே லான்செட் இதழில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் என் உறையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. முன்கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, அவிழ்த்ததும் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளக்கும் சோதனை இருக்கிறது. "பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான் செய்வாங்க. எண் எதுவா வந்தாலும் நான் எழுதப்போற மருந்து மாறாது டீச்சர்" என்றார் திருச்சி டாக்டர். சரி என்று விட்டேன்.

அடுத்தது, ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துப் பிடித்த பைத்தியம். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ரெசியா பிரிட்டோரியஸ் குழுவினர் நீண்டநாள் கோவிட் நோயாளிகளின் ரத்தத்தில் உறைந்த நுண்கட்டிகளைப் பார்த்திருந்தார்கள். அவற்றை நீக்குவதாகச் சொல்லி ஜெர்மனியில் ரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டி ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் நகையை எடைபோடும் அளவுக்குப் போனேன். பலன் நிரூபிக்கப்படவில்லை என்று டாக்டர் ஒரே பேச்சாக நிறுத்தினார். தெரிந்தவர் சொன்னாரே என்று ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா என்றதற்கு, வயிற்றில் ரத்தக்கசிவு வந்தால் யார் பார்ப்பது என்று திட்டும் விழுந்தது.

எனக்குக் கிடைத்த வைத்தியம் கேட்டால் சப்பென்று இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மோரில் தாராளமாக உப்பு. எனக்கு பிரஷரும் கிட்னிக் கோளாறும் இல்லாததால் அனுமதித்தார். பிரஷர்காரரான மாமியார் உப்பு டப்பாவை ஒளித்துவைத்தது தனிக் கதை. இடுப்புவரை வரும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். தஞ்சாவூர் சித்திரை வெயிலில் சேலைக்குள் அதைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். குறைந்த அளவில் ஐவாப்ரடின் மாத்திரை: பிரஷரைத் தொடாமல் நாடியை மட்டும் குறைக்கும். சாயங்காலம் டியூப் லைட் போட்டால் ஓரத்தில் பளீர் என்று ஒளிவட்டம் தெரிந்தது. பக்கவிளைவுதான் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

உடற்பயிற்சியில்தான் தப்புச் செய்தேன். படுத்தபடி காலைத் தூக்குவதில் தொடங்கச் சொன்னார். நானோ ஒரு வாரம் நன்றாக இருந்ததும் பெரிய கோயிலை இரண்டு சுற்று நடந்தேன். மறுநாள் காலை பல் துலக்கக்கூட எழ முடியவில்லை. மூன்று நாள் படுக்கை. அதன் பிறகு ஒரு வாரத்துக்கு இரண்டு நிமிடம் என்றுதான் கூட்டினேன். நடைக்கு வந்துசேர ஐந்து மாதம் ஆனது.

போன ஞாயிறு எடுத்த கணக்கு: படுத்தால் 72, பத்தாவது நிமிடம் 97. மாத்திரை நின்று ஒரு வருடம் ஆகிறது. வகுப்பில் உயரமான ஸ்டூல் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை பிரேயர்தான் இன்னும் சிரமம். ரத்தத்தை மேலே தள்ள, நின்றபடி காலைப் பின்னித் தொடையை இறுக்கிக்கொள்வேன். போன வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரிசையிலிருந்து நழுவி வந்து என் காதில் கிசுகிசுத்தாள்: "டீச்சர், பாத்ரூம் அவசரமா? நான் வேணா எச்.எம்.கிட்ட கேட்டுட்டு வரட்டா?"