அலங்காரம் கலைத்தால்தான் படம்

கோயில் உலோகத் திருமேனிகளை ஆவணப்படுத்தும் ஒரு திட்டத்தில் கொஞ்ச காலம் ஒப்பந்த ஊழியனாக இருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். செய்தது என்னவென்றால், டேப் பிடித்து உயரம் அகலம் எடுப்பது, தராசில் ஏற்றி எடை பார்ப்பது, முன், பின், இரண்டு பக்கம், பீடம் என்று படம் எடுக்கிற அண்ணனுக்கு லைட் பிடிப்பது, அப்புறம் ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது. சோழர் கலை பற்றி நான் படித்து வைத்திருந்ததை அங்கே யாரும் கேட்கவில்லை.

போன இடத்திலெல்லாம் முதல் சிக்கல் துணிதான். உற்சவர் பட்டும் மாலையுமாக இருப்பார், முகமும் கையும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு வேண்டியதோ பூணூல் போகிற வாக்கு, இடுப்பு மடிப்பு, தலைக்குப் பின்னால் இருக்கிற வட்டமான சிரச்சக்கரம், அடியில் இருக்கிற வெடிப்பு. ஒரு ஊரில் குருக்கள் நேராகவே கேட்டார்: "தம்பி, அலங்காரம் பண்றப்போ நாங்களே திரை போட்டுட்டுத்தான் பண்றோம். அபிஷேகத்துக்குக்கூட ஒரு வெள்ளைத் துணி சுத்தியிருக்கும். நீங்க எல்லாத்தையும் கலைச்சுப் படம் எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுவச்சா அது சரியா?" அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தராசைப் பார்த்தேன். கடைசியில் திரைக்குள்ளேயே, குருக்கள் கூட நிற்க, அவர் கையாலேயே அலங்காரம் கலைக்க, வேகமாக எடுத்து முடித்தோம்.

அவர் கேட்டது நியாயம், நாங்கள் செய்ததும் அவசியம், இரண்டையும் சேர்த்து வைக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆக்ஸ்போர்டில் இருக்கும் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துத் திருமங்கையாழ்வார் சிலை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967ல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. அது கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சேர்ந்தது என்று காட்டிக்கொடுத்தது எது தெரியுமா, 1957ல் அந்தக் கோயிலில் எடுத்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோயிலில் ஆழ்வார் இல்லாமலும் இல்லை, இருந்தார், ஆனால் அது பின்னால் வைத்த நகல் என்று சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு சொன்னது. பல்கலைக்கழகம் 2024ல் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் எந்தப் போராட்டத்துக்கும் அங்கே பதில் வந்திருக்காது என்பது என் எண்ணம். கலைச் செல்வம் உலகத்துக்கே பொது என்று பேசுகிற அருங்காட்சியகக்காரர்களிடமும் எனக்குப் பொறுமை இல்லை, எல்லாம் எங்களுடையது என்று முழங்கிவிட்டு ஒரு பதிவேட்டைக்கூட ஒழுங்காக வைக்காத நம்மவர்களிடமும் இல்லை.

நான் படிவத்தில் எழுதியதில் பாதி குறைகள்தான். ஒரு அம்மன் நன்றாக நினைவிருக்கிறது. மூக்கு நுனி மழுங்கி, கன்னம் வழுவழுவென்று ஆகியிருந்தது, தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் பாலும் தேய்த்த கை. கண்ணை யாரோ பிற்காலத்தில் உளியால் மறுபடி வெட்டியிருந்தார்கள், அதனால் உடம்பு ஒரு நூற்றாண்டையும் பார்வை இன்னொரு நூற்றாண்டையும் சொல்லிற்று. புறப்பாட்டுக்குக் கட்டித் தூக்குகிற பீடத்து வளையங்களில் ஒன்று மட்டும் இரும்பு, புறப்பாட்டில் எப்போதோ உடைந்ததற்கு உள்ளூர்க் கொல்லர் போட்டிருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும்போது இதையெல்லாம் சேதம் என்பார்கள். எனக்கு அதுதான் முகவரி. அச்சு அசலாக நகல் செய்பவன்கூட இந்த இரும்பு வளையத்தைக் கவனிக்க மாட்டான் (கவனிக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்).

இந்த வேலையில் இருந்தபோதுதான் பத்தூர் நடராஜர் வழக்கை முழுசாகப் படித்தேன். 1976ல் இடிந்த கோயிலருகே மண்ணைத் தோண்டும்போது கிடைத்து, கைமாறிக் கைமாறி 1982ல் ஒரு கனடா கம்பெனியிடம் போய், லண்டன் போலீஸ் கைப்பற்றிய சிலை. வழக்கில் உரிமை கேட்ட தரப்புகளில் அந்தக் கோயிலின் சிவலிங்கமும் ஒன்று! நம் ஊர்ச் சட்டத்தில் சாமி ஒரு சட்டப்பூர்வ நபர், அதிலும் என்றைக்கும் மைனர், யாராவது சார்பில் நின்று வழக்காடலாம். லண்டன் நீதிபதிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். 1988ல் தீர்ப்பு நமக்குச் சாதகம், 1991ல் நடராஜர் நாடு திரும்பினார். அங்கேயும் வாதத்தைத் தூக்கி நிறுத்தியதில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணுக்கும் கரையான் தடத்துக்கும் பங்கு உண்டு. தத்துவம் பேசினாலும் கடைசியில் மண்ணைக் காட்டத்தான் வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்த பிறகு என்ன என்பதுதான் யாரும் சரியாகப் பேசாத பகுதி. சின்னக் கோயில்களில் காவல் இல்லை, அலாரம் இல்லை என்பதால் ஏராளமான திருமேனிகள் திருவாரூர் மாதிரியான பாதுகாப்பு மையங்களில் வரிசையாக நிற்கின்றன, திருவிழாவுக்கு மட்டும் போலீஸ் துணையோடு ஊருக்குப் போய்வரும். திருடு போகாமல் இருப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூசைக்கென்று வார்த்த உருவத்தைப் பூட்டி வைப்பதற்கும் லண்டன் ஷோகேஸுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு ஊர்ப் பெரியவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. படிவத்தில் "தற்போது இருக்கும் இடம்" என்று ஒரு கட்டம் உண்டு. நான் மையத்தின் பெயரை எழுதியதைப் பார்த்துவிட்டு அவர், "ஐயா, அது தங்கியிருக்கிற இடம், இருக்கிற இடம் எங்க கோயிலு, அதை எழுதுங்க" என்றார். கட்டம் சின்னது. ஓரத்தில் பொடி எழுத்தில் கோயில் பெயரையும் எழுதிக்கொடுத்தேன், மேலதிகாரி ஒன்றும் கேட்கவில்லை.