நிற்பவர்கள், இடமிருந்து வலம்

வகுப்புப் படங்கள் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வாரத்தில், என் கடைக்கு வருகிறவர்களில் பலர் படம் எடுக்க வருவதில்லை. கையில் ஓர் உறையோடு வருவார்கள். படத்தை வெளியே எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்து, ஏதோ ஒரு முகத்தின் மேல் விரலை ஊன்றுவார்கள். "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க." என்ன குறை என்று அவர்கள் சொல்வதற்குள் பெரும்பாலும் எனக்கே தெரிந்துவிடும்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஈப்போவிலிருந்து கோல கங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிற ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து வெகுநாள் ஆன குடும்பங்களும் பேச்சில் 'எங்க தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். கல்யாணம், காதணி விழா, கடப்பிதழ்ப் படம் என்று பிழைப்பு ஓடுகிறது. அதோடு சின்னப் பள்ளிகள் சிலவற்றுக்கு ஆண்டுப் படமும் எடுக்கிறேன். 150 பிள்ளைகளுக்கு மேல் இல்லாத பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகள் என்று தனியாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பெரிய படக் கம்பெனிகளுக்கு அங்கே லாபம் இல்லை, அதனால் என் கைக்கு வருகின்றன. பெரிய பள்ளிகளுக்கு வெளியூரிலிருந்து வேன் வரும். ஒரே காலையில் பள்ளி முழுவதையும் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி எடுத்த படங்களைச் சரிசெய்யச் சொல்லித்தான் பெற்றோர் என்னிடம் வருகிறார்கள்.

சில குறைகள் சுலபமானவை. கண் மூடியிருக்கும். காலர் மடங்கியிருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு முன்பல் விழுந்திருக்கும். அதை மறைக்க உதட்டை இறுக்கிக்கொண்டு, யார் மேலோ கோபத்தில் இருப்பது போல் நிற்கும். ஓர் அம்மா, மகளின் நெற்றியில் பொட்டு இல்லை என்று வந்தார். காலையில் வைத்துத்தான் அனுப்பினாராம், வியர்வையில் போயிருக்கிறது. கணினியில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. இவர்களெல்லாம் குறையைச் சொல்லும்போதே பாதி சிரித்துவிடுவார்கள்.

சிரிக்காமல் வருகிறவர்களும் உண்டு. தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல், வேலை முடிந்த கையோடு வந்த ஒரு பெண் நன்றாக நினைவில் இருக்கிறார். மகனுக்கு ஏழு வயது, அவனுடைய முதல் வகுப்புப் படம். வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிகிறது. சட்டைக்கு மேலே ஒரு முகம் இருப்பதை நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கிற இரண்டு பிள்ளைகள் மாநிறம், அவர்கள் தெரிகிறார்கள்.

"டீச்சர்கிட்ட கேட்டேண்ணே. புள்ள கலரே அதுதானேம்மா, கேமரா என்ன செய்யும்னு சிரிக்கிறாங்க."

கேமரா என்ன செய்யும் என்பதைத்தான் அவருக்குச் சொன்னேன். அதன் போக்கில் விட்டால், எதிரே இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எங்கள் தொழிலில் அதை 18 சதவீதச் சாம்பல் என்போம். முப்பது வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நின்றால், அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா என்று அது முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வெள்ளைச் சட்டை அதைத் தாங்கும், கறுத்த முகம் தாங்காது. போதாக்குறைக்கு உச்சி வெயிலில் திடலில் நிறுத்தினால் கண்குழியெல்லாம் நிழல். எடுத்தவர் முகத்தருகே போய் வெளிச்சத்தை அளந்து, ஒரு படி கூட்டி வைத்து, பிள்ளைகளைக் கட்டட நிழலில் நிறுத்தியிருந்தால் அந்தப் பையன் அவனுடைய நிறத்திலேயே அழகாக விழுந்திருப்பான். இதற்கு ஒரு காசு கூடுதல் செலவு கிடையாது.

பிலிம் காலத்திலும் இந்தக் கதை உண்டு. நிறத்தைச் சரிபார்ப்பதற்காகக் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். ஷர்லி அட்டை என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் மற்ற எல்லாமே சரி என்று கணக்கு. பல ஆண்டுகள் அந்தக் கணக்கில்தான் உலகத்துப் படங்கள் கழுவப்பட்டன. ஆகவே 'புள்ள கலரே அதுதானே' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். குற்றத்தைப் பிள்ளையின் தோல் மேல் போட்டுவிட்டு எடுத்தவர் தப்பித்துக்கொள்கிறார்.

வேறு சிலர் வந்து, 'கொஞ்சம் வெள்ளையா ஆக்கிக் குடுங்கண்ணே' என்பார்கள். வெளிச்சம் தருவேன், வெள்ளை அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். போகட்டும்.

இந்தப் பெண் அப்படிக் கேட்கவில்லை. மகன் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அச்சுப் படத்தை ஸ்கேன் செய்தால் இருட்டுக்குள் எதுவும் மிச்சம் இருக்காது, மூலக் கோப்பு வேண்டும் என்றேன். பள்ளி அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் கம்பெனியிடம் சொல்லி, கடைசியில் கோப்பு வந்தது. புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில் வந்தது! புலனம் படத்தை நசுக்கி அனுப்பும், தெரியும்தானே. மறுபடியும் கேட்டு, மின்னஞ்சலில் வரவழைத்தோம். முகத்தை மட்டும் மெதுவாக மேலே கொண்டுவந்தபோது பையன் தெரிந்தான். நெற்றியில் திருநீறுகூட இருந்தது.

அந்த அம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் காசை எடுக்கும்போது கேட்டார்: "இந்தப் படத்த மத்தப் புள்ளைங்க வீட்டுக்கும் அனுப்ப முடியுமாண்ணே? அவங்க வீட்ல இருக்கிறதுல இவன் இல்லையே."

இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு கணக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. தன் வீட்டுச் சுவரை மட்டும் பார்த்து அவர் வரவில்லை. முப்பது வீட்டில் அந்தப் படம் இருக்கப்போகிறது. இருபது வருஷம் கழித்து எவனோ ஒருவன் அதை எடுத்து, 'இது யாரு, மூஞ்சியே தெரியலையே' என்பான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தெரிந்தவரிடம் பேசிப் பார்த்தேன். படங்கள் எல்லாம் கொடுத்தாகிவிட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

இன்னொருவர் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். அவர் விரலை ஊன்றியது முகத்தின் மேல் அல்ல, படத்துக்குக் கீழே இருந்த எழுத்தின் மேல். அமர்ந்திருப்பவர்கள் என்று ஆசிரியர்களின் பெயர்கள், பிறகு நிற்பவர்கள், இடமிருந்து வலம் என்று பிள்ளைகளின் பெயர்கள். அவருடைய மகன் பெயர் நிற்பவர்களில் முதலாவது.

"இவன் நிக்கிறானாண்ணே?"

பையன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். மற்ற பிள்ளைகள் பெஞ்சுகளில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். பெஞ்சு முடிந்து, ஒரு கை நீளத்துக்குப் புல் தெரிந்து, அப்புறம் நாற்காலி. எப்படி இப்படி ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். முதலில் பெஞ்சைப் போடுவார்கள். உயரம் பார்த்துப் பிள்ளைகளை ஏற்றுவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது, 'அந்தப் பையன எங்க வைக்கிறது' என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் மிச்சம் இருப்பது ஓரம் மட்டும்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நினைப்பே இல்லை என்பதுதான் தகப்பனுக்கு வலிக்கிறது.

2013-இல் கனடாவிலும் இப்படி ஒரு வகுப்புப் படம் பெரிய பேச்சாயிற்று. அங்கேயும் ஏழு வயதுப் பையன், சக்கர நாற்காலி, நடுவில் இடைவெளி. வகுப்போடு சேர்ந்து தெரிய வேண்டும் என்று அந்தப் பையன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருப்பான். பெற்றோர் விடாமல் கேட்டதால் படத்தை மறுபடியும் எடுத்தார்கள். நம் நாட்டில், சிறப்புத் தேவை உள்ள பிள்ளையை எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்குள்ளே வந்துவிட்டான், சரி. வகுப்புப் படத்துக்குள்ளே வர இன்னும் ஒரு கை நீளம் பாக்கி.

"கம்ப்யூட்டர்ல பக்கத்துல தள்ளி வைக்கலாமாண்ணே?" என்று கேட்டார். வைக்கலாம், கஷ்டமே இல்லை. ஆனால் முதலில் பள்ளியில் மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். எங்கே உட்கார வைத்தார்கள் என்பது பையனுக்குத் தெரியுமே. போய்க் கேட்டார். கம்பெனி திரும்ப வராது, இதைப் பெரிய பிரச்சினை ஆக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அரை மணி நேர வேலை, ஒரே ஒரு வகுப்பு. கம்பெனி வராவிட்டால் கைபேசியிலாவது எடுத்திருக்கலாம். நானே வந்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியதற்கும் பதில் வரவில்லை. கடைசியில் கணினியில்தான் தள்ளி வைத்தேன். எழுத்தையும் மாற்றினேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அது நல்ல வேலையாகத் தோன்றவில்லை. ஒட்டு தெரியாமல் செய்திருந்தேன், அது வேறு.

நான் எடுக்கிற பள்ளிகளில் சக்கர நாற்காலி இருந்தால் அதைத்தான் முதலில் நிறுத்துகிறேன், முன்வரிசையில், சிமெண்டுத் தரையில். புல்லில் சக்கரம் புதையும். பெஞ்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு வேறொரு தொல்லையும் உண்டு: அகல லென்ஸில் ஓரத்து முகம் அகலமாக இழுபடும். கேமராவைப் பின்னால் தள்ளி வைத்து, இரண்டு பக்கமும் வெற்றிடம் விட்டு எடுத்து, அப்புறம் வெட்டிக்கொண்டால் போதும். இதையெல்லாம் செய்துவிடலாம். பெரியவர்களுக்கு நடுவில் போடுகிற நாற்காலி விஷயம்தான் நடக்கமாட்டேன் என்கிறது.

பழைய தோட்டப் பள்ளிப் படங்களைப் புதுப்பித்துத் தரச் சொல்லி வயதானவர்கள் கொண்டுவருவார்கள். நடுவில் துரை, பக்கத்தில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி, ஓரத்தில் வாத்தியார். பிள்ளைகள் செருப்பில்லாமல் தரையில். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி துரையுடையது, படமும் துரையுடையதாகத்தான் இருந்திருக்கும். துரை போய்விட்டார், அந்த நடு நாற்காலி மட்டும் போகவில்லை. இப்போது அதில் தலைமையாசிரியர், இரண்டு பக்கமும் துணைத் தலைமையாசிரியர்கள், பள்ளி வாரியத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். நான் எடுக்கிற ஒரு பள்ளியில் முதலாம் ஆண்டில் நான்கே பிள்ளைகள். நாற்காலியில் ஏழு பேர். பார்ப்பவர்களுக்கு ஏதோ கூட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் போலத் தெரியும். அந்த நான்கு வீட்டிலும் இந்த ஏழு பேரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அடுத்த முறை வகுப்பாசிரியர் மட்டும் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரட்டும், பெரியவர்களுக்குத் தனியாக ஒரு படம் இலவசமாகவே எடுத்துத் தருகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவருக்குச் சம்மதம்தான். "வாரியத் தலைவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே" என்றார். தெரிந்தவர்தான். அவர் மகள் கல்யாண ஆல்பத்துக்கு இன்னும் பாதிப் பணம் வர வேண்டியிருக்கிறது.