ஸ்வெக்ரோவ்: கணவனின் தாய்

ரஷ்ய மொழி கணவனின் தாயை ‘ஸ்வெக்ரோவ்’ என்றும் மனைவியின் தாயை ‘த்யோஷா’ என்றும் தனித்தனியே குறிக்கிறது. முன்னதன் வேர் மிகப் பழையது. சமஸ்கிருதத்தின் ‘ச்வச்ரூ’, இலத்தீனின் ‘சோக்ருஸ்’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். பழைய ஸ்லாவியத்தில் எழுவாய் வடிவம் ‘ஸ்வெக்ரி’ என்றே இருந்தது. வேற்றுமை ஏற்கும்போது மட்டும் தலைகாட்டிய வகர ஒலி, செயப்படுபொருள் வடிவத்தின் வழியாக எழுவாயிலும் குடியேறி, இன்றைய ரஷ்யச் சொல்லைத் தந்தது. இவ்வாறே உருவான, தேவாலயத்தைக் குறிக்கும் ‘த்செர்கோவ்’ வேற்றுமையில் ‘த்செர்க்வி’ என உயிரொலியை இழக்க, ‘ஸ்வெக்ரோவி’ அதை விடாமல் வைத்திருப்பது நான் மிகவும் ரசிக்கும் நுணுக்கம். உக்ரேனியமோ வேறு ஈறு சேர்த்து ‘ஸ்வெக்ருஹா’ என்று அமைத்துக்கொண்டது. அது நான்காம் வேற்றுமையில் ‘ஸ்வெக்ருசி’ என்று திரியும், ரஷ்யம் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட விளி வேற்றுமையில் ‘ஸ்வெக்ருஹோ’ என்று ஒலிக்கும்.