பாட்டில் டீயில் கலங்கல்: சாயல்குடி நாட்குறிப்பு

ஏப்ரல் 4
கருப்பட்டி போட்ட பால் சேர்க்காத டீ. மாலையில் தெளிவு, ஃபிரிட்ஜில் ராத்திரி இருந்த பாட்டில்கள் காலையில் கலங்கல். வடிகட்டியைக் குறை சொல்லும் முன் ஒரு பாட்டிலை 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தெளிந்தால் குளிர்க் கலங்கல்: தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற டீயின் நிறப்பொருள்களும் காஃபீனும் சூடு இறங்கியதும் திரள்வது. தெளியாவிட்டால் புரதமும் பாலிஃபீனாலும் (டீக்குத் துவர்ப்பு தரும் பொருள்) இறுகிய நிரந்தரக் கலங்கல், அல்லது சுண்ணாம்பு. வெந்நீரில் நிறுத்திய பாட்டில் பாதிதான் தெளிந்தது, ஆக இரண்டு வகையும் இருக்கிறது.

ஏப்ரல் 5
தெளியவைக்க ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்) போடலாம் என்ற யோசனை வந்தது. அளவு தெரியாமல் போட்டால் நிலைமை மோசமாகும். புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் செறிந்த இடங்களில்தான் பாலிஃபீனால் ஒட்டும். ஒரு பாலிஃபீனால் இரண்டு புரதங்களைக் கோத்தால் வலை பெருத்து ஒளியைச் சிதறடிக்கும். பாலிஃபீனால் மிஞ்சிவிட்டால் ஒட்டும் இடமெல்லாம் நிரம்பிவிடும், கோக்க இடமிருக்காது. புரதம் மிஞ்சினால் கோக்க ஆள் போதாது. இரண்டும் ஏறத்தாழ ஈடாக இருக்கும்போதுதான் கலங்கல் உச்சம். டீயில் பாலிஃபீனால்தான் மிகுதி. அதில் கொஞ்சம் ஜெலட்டின் விழுந்தால், அடியில் படியாத புதுக் கலங்கல்தான் மிச்சம்.

மேல்நாட்டில் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையைப் போடுவார்கள். இந்தக் கடற்கரையில் கத்தாழை மீனின் காற்றுப்பைக்கு இருக்கும் விலைக்கு அதை டீயில் போட யாருக்கும் மனசு வராது.

ஏப்ரல் 7
ஒரே தூள், லிட்டருக்கு 8 கிராம், 90 டிகிரியில் 5 நிமிடம். ஒரு பாத்திரத்தில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீர் டீயில் ஆறும்போதே மேலே ஆடை படர்ந்தது, நிறமும் மங்கல். தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் காரணம், திரளுக்கும் கால்சியம் துணை. கொதிக்கவைத்து ஆறவிட்டால் கொதியில் படிந்துவிடும் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் போகும், மீதி நிற்கும்.

ஆர்.ஓ. தண்ணீரிலும் கருப்பட்டி சேர்த்தால் கலங்குகிறது. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பில் ஒரு பங்கு கருப்பட்டி வரை வந்துவிடுகிறது.

ஏப்ரல் 8
பாகு: 60 கிராம் கருப்பட்டிக்கு 200 மில்லி ஆர்.ஓ. தண்ணீர். ஒரு கொதி, ராத்திரி முழுக்கப் படியவிட்டு, அடிமண்டியைத் தொடாமல் மேல்பாகை மட்டும் துணியில் வடிப்பது. எலுமிச்சையை இந்தக் கட்டத்தில் ஊற்றக் கூடாது. புளிப்புப் பட்டால் படிய வேண்டிய சுண்ணாம்பு கரைந்து பாகிலேயே தங்கிவிடும்.

ஏப்ரல் 11
வடித்த பாகு டீயில் கலந்த பிறகே எலுமிச்சை, பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடும்) 3.5 வரை. நாலுக்குச் சற்று மேலே புரதக் கலங்கல் அதிகம், மூன்றை நெருங்க நெருங்கக் குறையும். அதனால் பாதிப் புளிப்பில் நிறுத்துவது இரண்டும்கெட்டான். வடிகட்டிய பின் புளிப்புச் சேர்த்தால் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி திரளும். முதலில் புளிப்பு, பிறகு 5 டிகிரியில் ஓர் இரவு, குளிர் போகும் முன்னே வடிகட்டல்.

அப்புறமும் மங்கல் இருந்தால், பானங்களைத் தெளியவைக்கும், நீரில் கரையாத பி.வி.பி.பி. பொடி, லிட்டருக்கு 0.3 கிராம், 15 நிமிடம் கலக்கி வடிப்பது. அது பாலிஃபீனாலை இழுத்துக்கொள்ளும். கூட்டினால் துவர்ப்பும் சேர்ந்து போய் வெல்லத் தண்ணீர்தான் மிஞ்சும். குளிரில் வடிப்பதிலேயே நிறம் கொஞ்சம் இறங்குகிறது, ஆகவே தூளை 9 கிராமாக்கியாயிற்று.

வடித்த டீயை மறுபடி சூடாக்கி 88 டிகிரியில் நிரப்பி, மூடி, 3 நிமிடம் தலைகீழாக. கண்ணாடி பாட்டிலை முன்பே வெந்நீரில் சூடேற்றாவிட்டால் விரிசல் விடும்.